துப்பாக்கிக் கடையின் பொற்காலம்

அமெரிக்கச் சிற்றூர்த் துப்பாக்கிக் கடை பாதி வணிகம், பாதி திண்ணை. சுவரில் மான் தலை, கல்லாவருகே ஆறிய காபி. வாங்க வந்தவர்களைவிடத் தப்பிப்போன மானைப் பற்றிப் பேச வந்தவர்களே அதிகம்.

1963-ல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில் வந்தது. 1968-ன் சட்டம் அந்த வழியை அடைத்தது: வெளிமாநிலத்திலிருந்து வருவது உரிமம் பெற்ற வணிகரின் கை வழியாகவே வர வேண்டும். கடைக்காரர்கள் சட்டத்தைத் திட்டினார்கள். அது தந்த வியாபாரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

1993-ல் மூன்றாண்டு உரிமக் கட்டணம் 30 டாலரிலிருந்து 200 ஆனது. வீட்டுச் சமையலறை மேசையையே கடை என்று காட்டி உரிமம் வைத்திருந்தவர்கள் கூட்டமாக விலகினார்கள். எஞ்சியவர்களின் தோட்டா வியாபாரத்தைப் பேரங்காடிகளும், துப்பாக்கி வியாபாரத்தை இணையமும் எடுத்துக்கொண்டன.

இன்று சிறுகடைக்கு மிஞ்சியிருப்பது, இணையத்தில் வாங்கிய துப்பாக்கியின் பொட்டலத்தைப் பிரித்து, 4473-ஆம் எண் படிவத்தை நிரப்பச் செய்து, பின்னணிச் சோதனை முடித்து ஒப்படைக்கும் கூலி. வாங்கியவர் அந்தக் கூலிக்கும் பேரம் பேசிவிட்டு, பழைய கடைகளெல்லாம் மறைந்துபோனதே என்று வருந்துகிறார்.

வருத்தம் கடைக்கு மட்டுமே, சரக்குக்குக் குறைவில்லை. 2018-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. மக்கள்தொகை அதைவிடக் குறைவு.