கரிசலில் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்கள்: ஓர் அடுக்களை ஆய்வு

கோவில்பட்டியில் அமெரிக்கர்கள் குடும்பம் குடும்பமாக வசிக்கிறார்கள் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சிரிப்பார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார்.

ஆய்வு முறை எளியது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டமாக இருக்க வேண்டும். இப்போதைய முகவரி கரிசல் காடாக இருக்க வேண்டும். கண்டம் என்பதைக் கவனிக்கவும். விசா கொடுக்கும் அமெரிக்காவை மட்டும் கணக்கில் எடுத்தால் ஆய்வு முதல் பக்கத்திலேயே படுத்துவிடும்.

மனித அமெரிக்கர்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், அருப்புக்கோட்டைப் பக்கம் மண்டபசாலை வரை, அதாவது அசல் கரிசலுக்குள், கால் ஊன்றிப் பார்த்தது. வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகுட்டிகளோடு மலையேறி, 1845-இல் கொடைக்கானலின் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1901-இல் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார்கள். அதே 1901-இல்தான் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. மலைக்கு ஓடியவர்களுக்குப் பள்ளிக்கூடம், வெயிலில் நின்றவர்களுக்கு ஆராய்ச்சி நிலையம். இந்தக் கட்டுரை வெயிலில் நின்றவர்களைப் பற்றியது.

மூத்த குடும்பம் மிளகாய். மெக்சிகோப் பக்கம் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து, மிளகிடமிருந்து பெயரைக் கடன் வாங்கி, பிறகு மிளகையே மருந்துக் கஷாயத்துக்கு அனுப்பிவிட்டது. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மாசி பங்குனியில் களம் முழுக்கச் சிவப்பாகக் காய்கிறது. ‘இது அமெரிக்கா’ என்றதும் ஓர் ஆச்சி ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்தார்: “ஏய்யா, எங்க ஆத்தா காலத்து வத்தல்யா இது. அமெரிக்காக்காரனா வந்து அரைச்சுக் குடுத்தான்?”

ஆச்சி பக்கம் ஆவணச் சான்றும் இருக்கிறது. கோவில்பட்டி நிலையம் வெளியிட்ட மிளகாய் ரகங்களின் பெயர் கே.1, கே.2. ‘கே’ என்பது ஊரின் முதலெழுத்து. ஊர்ப் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டவனை எந்த ஊரில் அந்நியன் என்பார்கள்?

நிலக்கடலை வீட்டுக் கதை வேறு. அது சொத்துத் தகராறு. தென்னமெரிக்காவில் பிறந்த இது, வட மாவட்டங்களில் இடையில் தங்கிய ஊரின் பெயரால் மணிலாக்கொட்டை ஆகி, வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. தெற்கே வந்ததும் ‘கடலை’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரில் அதற்கு முன்பே குடியிருந்த பழைய கடலை, இன்று கொண்டை முடிந்து ‘கொண்டைக்கடலை’ என்று நின்றால்தான் அடையாளம் தெரிகிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரருக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டார். அதோடும் விடவில்லை. வெல்லப்பாகில் விழுந்து கடலைமிட்டாயாகி, 2020 ஏப்ரல் 30-இல் ஊர்ப் பெயரோடு புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இனி பட்டாவைக் கேள்வி கேட்க முடியாது.

பருத்தியின் பாஸ்போர்ட்டை எந்த அதிகாரி பார்த்தாலும் தலை சுற்றும். கரிசலின் சொந்தப் பிள்ளை கருங்கண்ணி. இருக்கிற மழைக்கு வளர்ந்துகொள்ளும், இழை கொஞ்சம் குட்டை. மில்கள் நீள இழை கேட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. ஊர் கம்போடியா, இனம் அமெரிக்கா. அந்த வழியில் பின்னால் எம்.சி.யூ. ரகங்கள் பிறந்தன. விரித்தால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. மூன்று ஊர் சொல்லியும் பிறந்த ஊரைச் சொல்லவில்லை.

மக்காச்சோளமும் மக்காவிலிருந்து வரவில்லை. அதுவும் மெக்சிகோ உறவுதான். கம்பும் சோளமும் நின்ற மானாவாரிப் புஞ்சைகளில் இன்று அது பரந்து கிடக்கிறது. ஆனால் கரிசல் வீட்டில் யாரும் அதைக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதில்லை. மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. வாடகை கொடுக்கும், பந்தியில் உட்காராத குடித்தனக்காரர்.

2018-இல் அவரைத் தேடி ஊர்க்காரர் ஒருவர் வந்தார். மே மாதம் கர்நாடகத்தில் தட்டுப்பட்டு, அந்த ஆண்டுக்குள்ளேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் குருத்துக்குள் குடியேறிவிட்டார். அந்தக் குடும்ப வாழ்க்கையை விவரிக்க ஆய்வாளருக்கு மனமில்லை. இலையெல்லாம் ஓட்டையாகி நின்ற காட்டைப் பார்த்த சம்சாரிக்குத் தெரியும். பெயர் மட்டும் முக்கியம்: ‘அமெரிக்கன் படைப்புழு’.

இங்கேதான் கோட்பாடு பிறக்கிறது. நல்லபடியாகக் குடித்தனம் நடத்தியவர்களின் அமெரிக்காவை ஊர் மறந்துவிட்டது. தொல்லை கொடுத்தவருக்கு மட்டும் முழு முகவரியோடு பெயர். இரண்டாம் சாட்சி சீமைக்கருவேலம். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்ததாகப் பதிவு. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் இந்த மண்ணில் வேர் விட்டும் ‘சீமை’ உதிரவில்லை. கண்மாயை அடைத்தவனுக்கு யார் இனிஷியல் கொடுப்பார்கள்? ஆனாலும் மழை பொய்த்த வருஷத்தில் விளாத்திகுளம் பக்கம் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அரிசி வாங்கியவர்கள் இந்தக் கோட்பாட்டில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆய்வாளர் அவர்களோடு வாதாடப் போவதில்லை.

குடியேறிகள் கரிசலுக்குப் புதியவர்களும் இல்லை. தெலுங்கு தேசத்திலிருந்து வந்து காடு திருத்தியவர்களுக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ எழுதிவைத்தார். மெக்சிகோக்காரர்களுக்கு இந்த அடுக்களை ஆய்வு போதும்.

கடைசியாக ஒரு களக்குறிப்பு. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பும் அம்மாவின் பெட்டியில் கடலைமிட்டாயும் வத்தல்பொடியும் நிச்சயம். பல தலைமுறை கழித்து அந்தக் கண்டத்துக்கு மறுவீடு போகிறார்கள் இருவரும். பெட்டி கட்டுபவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: வத்தல்பொடியை மூன்று பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கடலைமிட்டாய்க்கு மேலே வைக்காதீர்கள்.