ஓ, ஓடம்

மல்லாங்கிணற்றுப் பிள்ளைகளுக்குப் படகு அறிமுகமாவது அரிச்சுவடியில்தான். ஓ, ஓடம். நன்றாகப் பார்ப்பதற்குள் அடுத்த கட்டத்தில் ஔவையார் தடியோடு வந்துவிடுவார். எங்கள் பக்கத்துக் குண்டாற்றில் ஓடம் விட வேண்டுமென்றால் அடியில் சக்கரம் மாட்டி, முன்னால் இரண்டு மாட்டைக் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் வண்டி.

ஒரு நாள் முழுக்கப் படகில் போயே தீருவேன் என்கிறவன் அந்தக் காலத்து மெட்ராஸில் பிறந்திருக்க வேண்டும். அங்கே பக்கிங்ஹாம் கால்வாய் இருந்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை, கடலோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர்.

ஆரம்பித்து வைத்தவர் பேசில் கோக்ரேன் துரை. 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல். பிறகு சம்பாதித்த பணத்தோடு லண்டன் போய், வீட்டிலேயே நீராவிக் குளியல் கட்டி, வியர்த்தால் உடம்புக்கு நல்லது என்று புத்தகமும் போட்டார். சித்திரையில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றிருந்தால் அத்தனை செலவும் மிச்சம்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் அப்பத்தா அதைச் சொல்லித்தான் வைவாள். 1876ல் மழை பொய்த்து மாகாணமே சுருண்டபோது, பசித்தவன் கையில் சர்க்கார் மண்வெட்டியைக் கொடுத்தது. மேலிடத்திலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள் துரை, நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார். அரைக் கிலோவுக்கும் குறைச்சல். துரை அதை ஒரு நாளாவது தின்று பார்த்தாரா என்று கேட்கக்கூடாது. எலும்பும் தோலுமாக நின்ற ஜனம்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை வெட்டியது. நாங்கள் மழை இல்லாவிட்டால் கம்மாயில் கிரிக்கெட் ஆடுவோம். அவர்கள் படகுக்கு வழி வெட்டினார்கள். 1878ல் கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் வந்தது. வெட்டியவனுக்குப் பஞ்சக்கூலி என்ற பெயரே மிஞ்சியது.

ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகேறின. காற்றடித்தால் பாய். அடிக்காவிட்டால் கழி. அதுவும் ஆகாதென்றால் ஒருவன் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோரமாக இழுத்துக்கொண்டே போவான். உட்கார்ந்தவனுக்குப் படகுச் சவாரி, இழுத்தவனுக்கு நடைதான். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் போய், ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். செலவு என்றால் பயணமாம். எங்கள் ஊர்க்காரன் காதில் அது ரூபாயாகத்தான் விழும்.

இப்போது கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு, மேலே பறக்கும் ரயில் விட்டிருக்கிறார்கள். கீழே கால்வாய் இருப்பது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். 2008ல் இதைத் தேசிய நீர்வழி எண் 4ல் வேறு சேர்த்தார்கள். ஒருமுறை பெரியப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மூக்கைப் பொத்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சாக்கடைன்னாலும் கரை முட்டக் கெடக்குல்லடா,” என்றார். “நம்ம குண்டாத்துல இம்புட்டு என்னைக்கு வந்துச்சு?”