நன்றியுள்ள அடிமைக்கு இரண்டு கல்

பிரிஸ்டல் நகரின் விளிம்பில் ஹென்பரி. அங்கே செயின்ட் மேரி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு கற்கள். மழையும் பனியும் தின்ற கல்லில் கறுப்பு முகத்தோடு குட்டி தேவதைகளைச் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். சஃபோக் பிரபுவின் வீட்டு வேலைக்காரப் பையன், 1720 டிசம்பர் 21-ல் 18 வயதில் செத்தவன், அடியில் கிடக்கிறான்.

பிரபு குடும்பத்துக்கு ரசனை அதிகம். ஆப்பிரிக்க மண்ணில் போய்ப் போரிட்டு ஜெயித்த ரோமானியத் தளபதி சிபியோ ஆப்பிரிக்கானஸின் பெயரை, ஆப்பிரிக்க வம்சத்துப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். தோற்றவன் தலையில் ஜெயித்தவன் பெயர்! விருந்து மேசையில் எவ்வளவு சிரிப்பு எழுந்திருக்கும்.

கல்லில் வெட்டிய பாட்டு அதற்கும் மேலே. செத்தவனே பேசுகிறான். அஞ்ஞானியாக, அடிமையாகப் பிறந்தானாம். இப்போது கிறிஸ்தவனாகச் சுகமாகத் தூங்குகிறானாம். அவன் கறுப்பை ரட்சகர் ஒளியாக்கிவிடுவாராம். மேலோக எஜமானிடம் சேர்க்கப் பூலோக எஜமானின் தயவு சிபாரிசாக உதவியதாம். அடேயப்பா! ஆளையும் வைத்துக்கொண்டு, நன்றிக் கடிதத்தையும் தாங்களே எழுதி, பிணத்தின் வாயில் திணித்த சாமர்த்தியம் யாருக்கு வரும்?

300 வருஷம் கழித்தும் அவனை விடவில்லை. 2020 ஜூன் 7-ல் பிரிஸ்டல் மக்கள் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைச் சாய்த்து, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் கோல்ஸ்டன் பங்கு வகித்த காலத்தில் அது கப்பலேற்றிய அடிமைகள் சுமார் 84,000 பேர். வழியிலேயே செத்தவர்கள் சுமார் 19,000. இந்தப் புண்ணியவானைத்தான் ஒழுக்கசீலர், ஞானி என்று எழுதி 1895-ல் நிற்கவைத்திருந்தார்கள்.

‘ஐயோ, சரித்திரத்தை அழிக்கிறார்களே’ என்று ஒரு கூட்டம் அலறியது. சில நாளில், சரித்திரத்தைக் காக்கக் கிளம்பிய ஒரு மாவீரர் ஹென்பரியில் புகுந்து, சட்டப் பாதுகாப்புள்ள அந்தப் பழைய கல்லை இரண்டாகப் பிளந்தார். கோல்ஸ்டனை மறுபடி நிறுத்தாவிட்டால் நிலைமை சூடாகும் என்று பக்கத்தில் சாக்பீஸால் மிரட்டலும் எழுதிவைத்தார். வியாபாரியின் மானத்துக்குச் சரக்கு ஈடு. எதிர்த்து நிற்கவே முடியாத பிள்ளையாகப் பார்த்துப் பிடித்த வீரத்துக்கு வெட்கம் ஒரு கேடா?

கோல்ஸ்டன் சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மேலே மக்கள் பூசிய பெயிண்ட்கூட உதிராமல் பக்குவப்படுத்தி மியூசியத்தில் வைத்தாயிற்று. பையனின் கல்லை ஒட்டுவதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள்.