ஊமைக்குசும்பு வண்டி

வா அப்புனு, உக்காரு. கட்டல்ல அந்தப் பக்கமா உக்காரு, இந்தப் பக்கம் கயிறு இத்துப்போய்க் கெடக்குது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பட்டறையில வெளிச்சம் எரிஞ்சுதுன்னு உன்ற அம்மா பொலம்பறா. பாட்டி வேற தோப்புல ரெண்டு வாழை சாஞ்சு கெடக்குதுன்னு காலையில இருந்து காத்தைத் திட்டிட்டு இருக்கறா. அது கெடக்குது, பொறகு பேசலாம்.

பேரன் ஸ்லீப்பர் கட்டறான்னு உன்ற சித்தப்பன் சொன்னப்ப எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு நிமிந்துபோச்சு. பெங்களூருக்கு ஆம்னி பஸ் விடப்போறான், கெழவனுக்குக் கீழ்ப் படுக்கை ஓசியில கெடைக்கும்னு நெனச்சேன். கடைசியில பார்த்தா, ரிட்டையர்டு வாத்தியார்கிட்ட வாங்கியாந்த அந்த வெள்ளை எஸ்டீமு. பார்க்கறதுக்கு ரேசன் கடைக்குப் போற வண்டியாட்டம் இருக்கணும், மிதிச்சா எமனாட்டம் போகணும், அதுக்குப் பேருதான் ஸ்லீப்பராமா. நம்ம ஊர்ல இதுக்குப் பேரு இல்லாமயா போச்சு? ஊமைக்குசும்பு.

காரைத் தேர்ந்தெடுத்ததுல எனக்குக் குத்தம் இல்ல. 1999-ல வந்த பதினாறு வால்வு இன்ஜின், 1298 சிசி, 85 குதிரை. ஒரு டன்னுக்கும் கம்மியான ஒடம்பு. அதுக்கு முந்தின கார்புரேட்டர் வண்டி 65 குதிரைதான். அந்தக் காலத்துல பந்தயக்காரனுங்க எஸ்டீமைச் சும்மா தேடித் தேடி வாங்கல. நம்ம கரிவரதன் 1988-ல இதே கோயமுத்தூர்ல மாருதி 800 இன்ஜினை எடுத்து ஃபார்முலா காரே கட்டினாரு. சின்ன இன்ஜின்னு எவனையும் எளக்காரமாப் பேச விடாதே.

சுவீடன்ல ஒரு வால்வோ இருந்துச்சுன்னு நீதானே போன்ல காட்டினே? 240 டர்போ, பொட்டி மாதிரி. பள்ளிக்கூடத்துப் புள்ளைய வரையச் சொன்னா வரையற காரு. அது 1985-ல ஐரோப்பாவுல டூரிங் கார் சாம்பியன் பட்டத்தையே தட்டிட்டுப் போயிருச்சு. பறக்கற செங்கல்னு பேரு வெச்சாங்களாமா. செங்கல்லையே பறக்க உட்டுட்டான், உன்ற எஸ்டீமுக்கு என்ன கேடு?

கேடு காருல இல்ல சாமி. உன்ற வாயில இருக்குது.

நான் வாலிபத்துல ஒரு ரேக்ளா பார்த்தேன். 300 மீட்டர் ஓட்டம். ஒருத்தன் வெலா எலும்பு தெரியற ரெண்டு மாட்டைப் பூட்டிட்டு வந்தான். கொம்புல வண்ணம் இல்ல, கழுத்துல சலங்கை இல்ல. முந்தின நாள் டீக்கடையில, “என்ற மாட்டுக்குச் சளிங்க, சும்மா பேருக்கு ஓட்டறேன்”னு சொல்லி வெச்சிருந்தான். பந்தயக் காசு பூரா சலங்கை மாட்டு மேல உழுந்துச்சு. பொறகு என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்லணுமா? நீ என்ன பண்ணினே? டர்போ பொட்டியைப் பிரிக்கறதுக்கு முந்தியே ஸ்டேட்டஸ் போட்டே, தீ எரியற படம் மூணு சேர்த்து. கண்ணாடியில “பூஸ்ட்”னு ஸ்டிக்கர் வேற. ஹார்லிக்ஸ்னும் ஒண்ணு ஒட்டிரு, பாட்டிக்குப் புடிக்கும்.

அதைச் சொரண்டி எடு மொதல்ல. வாத்தியார் வெச்சிருந்த மணி சீட் கவர், டேஷ்போர்டுல பழனி முருகன், பின்னாடி குட்டித் தலகாணி, ஒண்ணையும் கழட்டாதே. கதவுக்கடியில இருக்கற துருவுக்குப் பட்டி பார்க்காதே. சைலன்சர் வாய் பழைய சைஸ்லயே இருக்கட்டும், உள்ள குழாயைப் பெருசு பண்ணிக்கோ. வீலும் அந்த 13 இஞ்ச் இரும்பு வீலே போதும், டயரு மட்டும் நல்லதாப் போடு. ரேடியேட்டர் முன்னாடி வெள்ளி வெள்ளியா மின்னுதே இன்டர்கூலரு, அதுக்குக் கருப்பு அடி. காலை எடுத்தா “புஸ்ஸு”ன்னு நல்லபாம்பாட்டம் சீறுதே ஒரு வால்வு, அந்தக் காத்தை வெளிய உடாம இன்ஜின் இழுக்கற குழாய்க்கே திருப்பி உட்டுரு. திருடப் போறவன் கால்ல கொலுசு போட்டுட்டுப் போவானா?

செரி, டர்போ. பட்டறையில இருக்கற பையன் உனக்கு என்ன சொன்னானோ தெரியல. கொல்லன் ஒலையில துருத்தி ஊதறானில்ல, அதேதான். ஊதறதுக்கு ஆள் கூலி இல்ல, சைலன்சர் வழியா வீணாப் போற புகையே சக்கரத்தைச் சுத்தி ஊதிக்கும். ஊர்க்காத்துக்கே ஒரு பார் அழுத்தம் இருக்குது. டர்போ இன்னொரு அரை பார் சேர்த்து ஊட்டினா, கணக்குப்படி 85 குதிரை 127 ஆகணும். சூடு தின்னது போக 115, 120 வந்தாலே எஸ்டீமுக்கு அது எச்சு. நீ என்னமோ ஒரு பார் வெக்கப்போறேங்கறே. வை. நம்மூர்ல பழைய இரும்புக் கடைக்குப் பஞ்சமா?

நான் முப்பது வருசம் லாரி ஓட்டினவன். டர்போ வெச்ச வண்டி மொதல்ல கைக்கு வந்தப்ப ராசா மாதிரி இருந்துச்சு. பண்ணாரியில இருந்து திம்பம் 27 வளைவையும் லோடோட மூச்சு வாங்காம ஏறுவேன், மேல போனதும் டக்குனு சாவியைத் திருகிட்டு டீக்கு ஓடுவேன். இன்ஜின் நின்னா ஆயிலும் நின்னுரும்னு எவன் சொன்னான் எனக்கு? அந்தத் தண்டு நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல ஆயில் மேல மெதந்துட்டே சுத்தறது. உள்ள நின்ன ஆயில் தோசைக்கல்லுல எண்ணெய் கருகறாப்புல கருகிப்போச்சு. ஒரு நாள் ஆசனூர் தாண்டினதும் பின்னாடி வந்தவனுக்கு ரோடே தெரியல, அத்தனை புகை. மொதலாளி என்ற சம்பளத்துல நாலு மாசம் புடிச்சாரு. அதனால சொல்றேன், வேகமா ஓட்டிட்டு வந்தா ரெண்டு நிமிசம் சும்மா ஓட உடு. அந்த நேரத்துல சீட்டுல உக்காந்து முருகனைக் கும்புடு, பார்க்கறவன் பக்திமான்னு நெனப்பான். வேசத்துக்கும் ஆச்சு.

இந்த டர்போ போச்சுன்னா, உக்கடத்துல பழசு சலீசா வருதுன்னு தூக்கியாராதே. வாங்கினாலும் நடுத் தண்டை ரெண்டு விரல்ல புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாரு. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கும், அது பரவால்ல. உள்ள வெளிய போச்சுன்னாலோ, ரெக்கை சுவத்துல ஒரசின தடம் இருந்தாலோ, அங்கயே வெச்சுட்டு வந்துரு. டீசல் காருல இருந்து கழட்டினதா இருந்தா இன்னும் ரோசனை பண்ணு. பெட்ரோல் புகை 900 டிகிரி தொடும், டீசல் டர்போ அந்தச் சூட்டுக்கு வாக்கப்பட்டதில்ல. பொறகு ஆயில் திரும்பி வர்ற குழாய். உன்றது பாம்பு மாதிரி வளைஞ்சு மேல ஏறி எறங்குது, பார்த்தேன். வாய்க்காத் தண்ணி மேட்டுக்கு ஏறுமா அப்புனு? ஆயிலும் அதே சாதிதான். சரிவு குடுக்கலைன்னா டர்போவுக்குள்ளயே தேங்கி, சைலன்சர்ல நீலப் புகை வரும். ஊமைக்குசும்பு வண்டி கொசு மருந்து வண்டியாயிரும்.

பெட்ரோலையும் சேர்த்து ஊட்டணும். எடைக்கு எடை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னு ஒரு கணக்கு இருக்குது. டர்போ ஊதறப்ப அது 12 பக்கம் எறங்கணும், பெட்ரோல் கொஞ்சம் தாராளமா இருந்தாத்தான் உள்ள சூடு அடங்கும். அதுக்குப் பெரிய இன்ஜெக்டரு, பம்பு, கம்ப்யூட்டர்ல டியூனிங்கு. இதுல கஞ்சத்தனம் பண்ணினா நாக்கிங் வரும். தகர டப்பாவுல சில்லறையைப் போட்டுக் குலுக்கினாப்புல ஒரு சத்தம். அதைக் கேட்டும் காலை எடுக்காதவன் வீட்டுல பிஸ்டன் சாம்பல் கிண்ணமா மேசை மேல இருக்கும்.

இத்தனைக்கும் பட்டியல் போட்டு வெச்சிருக்கறியே, அதைப் படிச்சேன். டர்போ, இன்டர்கூலரு, பிஸ்டனு, கிளட்ச் பிளேட்டு, பாட்டு கேக்கறதுக்கு சப்வூஃபர் கூட இருக்குது. பிரேக்கு எங்க? முன்னாடி சின்ன டிஸ்க்கு, பின்னாடி டிரம்மு, அது 85 குதிரைக்கு அளந்து வெச்சது. நம்ம ஊர்ல ஆர்டிஓ ஆபீசுல வண்டி பார்க்கறவரை இன்னிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருன்னுதான் சொல்றோம், டர்போ இன்ஸ்பெக்டருன்னு எவனும் சொல்றதில்ல. முட்டுவழியில மொதப் பங்கு பிரேக்குக்கு வை.

அந்த இன்ஸ்பெக்டர் பேச்சு வந்ததால இதையும் கேட்டுக்கோ. உன்ற வக்கீல் மாமன்கிட்ட விசாரிச்சேன், உனக்காக இல்ல, பொதுவா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவாமா. கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது, சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல அதையே சொல்லிருச்சு. ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூவா அபராதம், ஆறு மாசம் உள்ளயும் வெக்கலாம். உன்ற பட்டியலை நானே எண்ணினேன், பதினொண்ணு. சப்வூஃபரைக் கழிச்சாப் பத்து. அவினாசி ரோடு சிக்னல்ல எவன்கூடவாவது ஒரசினா, ரோட்டுல ரேஸ் ஓட்டினதுன்னு அது தனிக் கேசு. டோ வண்டியில ஏத்திச் செட்டிபாளையத்துக்குக் கொண்டு போ. கரிவரதன் பேர்லயே 2003-ல இருந்து அங்க டிராக் இருக்குது. அங்க வர்றவனுங்க முன்னாடி மணி சீட் கவரோட எறங்கு, மூஞ்சியைப் பாவமா வெச்சுக்கோ, “வாத்தியார் வண்டிங்க, சளி புடிச்சிருக்குது”ன்னு சொல்லு.

கடைசியா ஒண்ணு சொல்லணும். நீ இப்ப அரை பார்தான் வெச்சிருக்கறே, இல்ல? கிளட்ச்சு கொஞ்சம் மேல புடிக்குது. ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சா ஸ்டியரிங் கையில இருந்து புடுங்கிட்டு எடப்பக்கம் ஓடுது, முன் சக்கரத்து வண்டிக்கு அது இருக்கத்தான் செய்யும். மூணாவதுல வர்ற இழுப்பு இருக்குதே, அட சாமி, திம்பத்துல கூட நான் அப்படிப் பார்த்ததில்ல.

என்ன முழிக்கறே? வெடியால நாலரைக்கு நீ கவுந்து படுத்துத் தூங்கினே. சாவி ஆணியில தொங்குச்சு. நம்ம தோப்புத் தடம்தானே, போலீசா வரப்போறான். கடைசி மோட்டார் ரூம்புகிட்ட பிரேக்கை அமுத்தினேன், ஏறி நின்னேன்னே சொல்லலாம். அது கேட்டாத்தானே.

பம்பர்ல வாழைச்சாறு காஞ்சிருக்கும், பாட்டி பொழுதோட அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள தொடைச்சுரு. நான் காத்துனுதான் சொல்லியிருக்கறேன். நீயும் காத்துனே சொல்லு.