வெம்பிளியின் கவலை அண்ணை

கொள்ளைநோய்க் காலத்தில் வளர்ந்த மனிதரை எது வாட்டும்? சாவுப் பயம் என்று நினைத்தால் நீங்கள் கவலை அண்ணையை அறியாதவர். 2020 மார்ச்சில் லண்டனின் வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங் என்று தமிழர் செறிந்த இடங்களில் தெருவுக்கு நாலு கவலை அண்ணைமார் இருந்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக்கடன் இன்னும் முடிந்திராது. ஊரில் வயதான தாய், இங்கே மகளுக்கு ஏப்ரலில் சாமத்திய வீடு. மார்ச் 23 இரவு பிரதமர் பொரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னபோது, அண்ணையின் மனதில் முதலில் எழுந்தது மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம். அடுத்து எழுந்தது கழிவறைக் கடதாசி. அவர் வீட்டுக் கழிவறையில் தண்ணீர்ச் சாடி இல்லாத நாளே கிடையாது. ஆனாலும் ஊரே கட்டுக் கட்டாகத் தூக்கும்போது தான் மட்டும் வெறுங்கையோடு வந்தால் மனிசி என்ன சொல்லுவா என்று அவரும் ஒரு கட்டைத் தூக்கினார்.

இவரைப் பதுக்கல்காரர் என்று திட்டினார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கடைக் கொள்வனவுகளை ஆராயும் கன்ரார் நிறுவனம் அந்த மாத விவரங்களைப் பார்த்தபோது, பாஸ்தா வாங்கியவர்களில் அளவுக்கு மிஞ்சி அள்ளியவர்கள் 3 வீதம் மட்டுமே. தட்டுகளை வெறுமையாக்கியவர்கள், வழக்கத்தைவிட ஒரு பொதி கூட எடுத்த சாதாரண மனிதர்கள். "ஒண்டுதானே அப்பா கூட எடுத்தனான்" என்று அண்ணை சொன்னது முழு உண்மை. அந்த உண்மையை நாடு முழுக்க எல்லோரும் ஒரே கிழமையில் சொன்னதுதான் சிக்கல்.

அண்ணையின் கவலைகள் சின்னவை என்பதால் அவர் அசடு என்று முடிவுகட்டுவது தவறு. மார்ச் 20 முதல் 30 வரை பிரித்தானியாவில் 49.6 வீதமானோர் தமக்குக் கடும் பதற்றம் இருப்பதாகச் சொன்னதைத் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் பதிவுசெய்தது. 2019 முடிவில் அது ஏறக்குறைய 21 வீதம். பாதி நாட்டைப் பிடித்த அந்தப் பதற்றத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிருமியோடு மல்லுக்கட்ட முடியாது. அரிசி மூட்டையை எண்ணலாம். கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் கழுவலாம். தபாலில் வந்த பொதியை மூன்று நாள் வாசலில் கிடத்தலாம். பிடிபடாத பெரிய பயத்தைக் கைக்குள் அடங்கும் சின்ன வேலையாக மாற்றுவதே இவர் செய்தது. அவர் அதைக் கண்டுபிடித்தவரும் அல்லர். 1665இல் லண்டனைப் பிளேக் அள்ளிக்கொண்டு போனது; பதிவான மரணங்கள் மட்டும் 68,596. அந்தச் செப்ரெம்பரில் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிய கவலைகளில் ஒன்று பொய்முடி. வாங்கிய நேரத்தில் வெஸ்ற்மின்ஸ்ரரில் நோய் இருந்ததால் அதை அணியாமல் வைத்திருந்தாராம். செத்தவர் தலைமயிராக இருக்குமோ என்று இனி யாரும் பொய்முடி வாங்கமாட்டார்களே, நாகரிகம் என்ன ஆகும் என்ற யோசனை வேறு. பீப்ஸின் பொய்முடியும் அண்ணையின் பொதியும் ஒரே சாதிக் கவலை.

"மனிதர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் உமக்கு நகைச்சுவையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 மார்ச் முதல் மே வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட் மரண வீதம் மிக உயர்ந்திருந்த இடம் பிரென்ற்: வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய கணக்கில் இலட்சத்துக்கு 210.9. அடுத்தது நியூஹாம். வெம்பிளி இருப்பது பிரென்றில், ஈஸ்ட்ஹாம் இருப்பது நியூஹாமில். ஹரோவின் நோர்த்விக் பார்க் மருத்துவமனை, தீவிர சிகிச்சைக்கு இடம் போதாமல், ஊரடங்குக்கு முன்பே நெருக்கடி நிலையை அறிவித்தது. வேலை இடைநிறுத்தப்பட்டவரின் சம்பளத்தில் 80 வீதத்தை அரசு தந்தது மெய்தான். ஆனால் கடைக் கல்லாவிலும் பஸ் சாரதி இருக்கையிலும் இருந்த அண்ணைமார் வேலைக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. நெருங்கியவரின் இறுதிச்சடங்கைத் திரையில் பார்த்துவிட்டு, எட்டுச் செலவுச் சாப்பாட்டைப் பொதிகட்டி எந்தெந்த வீட்டு வாசலில் வைப்பது என்று அவர் பட்டியல் போட்டார். துக்கம் இல்லாததால் அல்ல. தோள்கொடுக்க முடியாதவருக்குச் செய்ய மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இந்தக் கவலை வீட்டோடு நிற்பதில்லை, வட்ஸ்அப்பில் ஏறிப் பறக்கிறது. மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பவரால் யாருக்கும் கேடில்லை. தொண்டைக்கு இதமாகவும் இருக்கும். அதுவே கோவிட்டுக்கு மருந்து என்று முப்பது பேருக்கு அனுப்பும்போது அவர் ஆபத்தானவர் ஆகிறார். 5ஜி அலைதான் நோயைப் பரப்புகிறது என்ற புரளியை நம்பி 2020 ஏப்ரலில் இந்த நாட்டில் தொலைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். ஆகவே அண்ணைக்கு நான் கொடுக்கும் மன்னிப்பு அவர் கைக்குத்தான். அனுப்பும் விரலுக்கு இல்லை.

இத்தனைக்கும் அவரிடம் ஒரு குணம் உண்டு: எண்ணுவார். 2020 செப்ரெம்பர் 14இல் ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி வந்தது. மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், தான் என்று எண்ணி, ஆறு நிறைந்துவிட்டதென்று மைத்துனரை வாசலோடு திருப்பி அனுப்பினார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்திருக்கலாம். தள்ளித் தள்ளிப் போன சாமத்திய வீட்டுக்கு மண்டபம் கிடைத்தபோது மகளின் சட்டைகள் எல்லாம் சிறுத்துப்போயிருந்தன. அண்ணை ஆள் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், விதி எழுதியவர்கள் இருந்த டவுணிங் தெருவிலும் வைற்ஹோலிலும் எண்ண ஆளில்லை. அங்கே நடந்த ஒன்றுகூடல்களுக்காகப் பொலிஸ் விதித்த தண்டப்பணச் சீட்டுகள் 126, ஒன்று பிரதமருக்கே. அடுத்த கொள்ளைநோய் வரும்போது கவலை அண்ணையைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் விதிகளைக் காக்கும் பொறுப்பை, கவலையே படாதவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.