தொலைநோக்கு உள்ள பத்திரிகைகள்

2012 செப்டம்பரில் புரோவான்ஸ் மாளிகை ஒன்றில் கணவரான பிரிட்டன் இளவரசர் வில்லியமுடன் மேலாடையில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கேட் மிடில்டனைப் படமாக அச்சடித்தது பிரான்சின் 'குளோசர்' வார இதழ். எடுத்தவர் வேலி தாண்டவில்லை, தாண்டியது லென்ஸ்தான். காதலில் திளைக்கும் இளம் ஜோடி, இதில் இழிவென்ன என்று கேட்டார் ஆசிரியர். அந்த ஜோடியையே கேட்டிருக்கலாம்.

அப்போது 'குளோசர்' இதழை வெளியிட்ட குழுமத்தின் இத்தாலிய இதழ் 'கி' இதற்கு ஒதுக்கியது 26 பக்கம். நாட்டு பட்ஜெட்டுக்கே அவ்வளவு இடம் கிடைக்காது. குழுமம் இத்தாலியின் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனியின் குடும்பத்துடையது. 2009இல் அவருடைய சார்டீனிய மாளிகையில் ஆடை குறைந்த விருந்தாளிகளின் படங்களை ஸ்பெயினின் 'எல் பாயிஸ்' போட்டபோது, அந்தரங்கம் போச்சே என்று வக்கீலை ஏவிய அதே மகானுபாவர்!

லண்டன் நாளிதழ் 'சன்', கேட்டின் படங்களைத் தொடமாட்டேன் என்று மடி காத்தது. முந்தைய மாதம்தான் லாஸ் வேகஸ் ஓட்டலில் பிறந்தமேனியாக நின்ற வில்லியமின் தம்பி ஹாரியைப் பொதுநலன் கருதி முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அதற்கும் முதல் நாள், அசல் படத்தைப் போடத் தயங்கி, தன் அலுவலக ஊழியர் ஒருவரையே துணி களைந்து அதே போஸில் நிற்கவைத்துப் படம் போட்டது. பொதுநலனுக்காக எவ்வளவு தியாகம்!

2017இல் பிரான்சின் நான்டேர் நீதிமன்றம், கேட்டின் படங்களுக்காக 'குளோசர்' ஆசிரியருக்கும் நிறுவனத் தலைவருக்கும் தலா 45,000 யூரோ அபராதம் விதித்தது. தம்பதிக்கு 1,00,000 யூரோ இழப்பீடு. வெறும் அந்தரங்க விவகாரத்துக்கு இவ்வளவா என்று அங்கலாய்த்தார் பத்திரிகையின் வக்கீல்.