மணி என்ன ஜாதி?

எங்கள் மணி அடிக்கடி ஜாதி மாறும் நாய். குட்டியாக வந்தபோது லாப்ரடார். மூக்கு கறுத்ததும் கோம்பை. கால் நீண்டதும் சிப்பிப்பாறை. மாற்றியதெல்லாம் நான்தான். மணிக்குச் சோற்றுத் தட்டைத் தவிர வேறெதிலும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

மனிதரிடம் முகத்துக்கு நேரே கேட்கக் கூசும் கேள்வியை, நாயோடு போகிறவனிடம் எல்லோரும் தாராளமாகக் கேட்கிறார்கள். "இன்னா ஜாதி சார் இது?" அரக்கோணத்தில் காலையில் நாயோடு ஸ்டேஷன் பக்கம் போனால் இதற்குப் பதில் சொல்லாமல் திரும்ப முடியாது. தெருநாய் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நான் சந்தையில் காசு கொடுத்து வாங்கியவன். "அம்மா சிப்பிப்பாறை, அப்பா லாப்ரடார்" என்றார் விற்றவர். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு அடித்துச் சொல்லிக் கேட்டதில்லை.

லாப்ரடார் காலத்தில் எனக்கொரு ஆசை வந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவு இருக்கும் ஊர் இது. அந்தப் படையில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மோப்பம் பிடிக்கும் லாப்ரடார்கள் உண்டு. அதே ரத்தம்தானே என்று, மொட்டைமாடித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, மணியை அவிழ்த்துவிடும்படி பையனிடம் சொன்னேன். மணி நேரே கறிக்கடைக்குப் போய்விட்டது. என்னைக் கண்டுபிடித்தவர் பக்கத்து மாடியில் வடகம் காயவைக்க வந்த அக்கா. "இன்னா தம்பி, வூட்ல எதாவது சண்டையா?" என்றார்.

நாய்களின் குணத்தில் தெரியும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதைப் படித்தபோது மணிக்காக இல்லை, டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்காகத்தான் ஆறுதல் பட்டேன்.

சிப்பிப்பாறை காலம் இன்னும் மோசம். அது வேட்டைக்கு ஓடும் நாய். ஒட்டிய வயிறும் லேசாகத் தெரியும் விலா எலும்பும்தான் அழகு. மணிக்கோ தொந்தி. ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். "நாயைப் பட்டினி போட்டு ஜாதி வாங்கித் தரப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. அவள் ஏற்கெனவே எனக்குத் தெரியாமல் கறிச்சோறு போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் மச்சானையும் விட்டுவைக்கவில்லை. பதனிட்ட தோலில் மயிர்க்கால் புள்ளிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்: கொத்துக் கொத்தாக வரிசை கட்டியிருந்தால் ஆடு, சீராகப் பரவியிருந்தால் மாடு. மணியின் முதுகை வெகுநேரம் தடவினார், மயிரை ஒதுக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இது நாய்தான்" என்றார்.

கடைசியில் செல்போன் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். 'பாசென்ஜி' என்றது. மத்திய ஆப்பிரிக்காவின் நாய், குரைக்காது என்று பெயர் வாங்கியது. எங்கள் மணியோ கூட்ஸ் வண்டி ஒவ்வொன்றுக்கும் குரைக்கும். அரக்கோணத்தில் கூட்ஸ் வண்டிக்கா பஞ்சம்? அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் இதே பாசென்ஜியைக் காக்கர் ஸ்பேனியலோடு கலந்து வளர்த்து 1965இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். பேரக்குட்டிகளில் பலவற்றுக்குத் தாத்தா சாயலும் இல்லை, பாட்டி சாயலும் இல்லையாம். டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமே என்றால், அது தன்னிடம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இனங்களுக்குள்தான் பதில் தேடும். அந்தப் பணத்துக்குக் கறி வாங்கலாம் என்றாள் மனைவி. மணியும் அதே கட்சி.

வெறிநாய்த் தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. டாக்டரம்மா அட்டையில் இனம் என்ற இடத்தில் 'என்.டி.' என்று எழுதினார். விளக்கம் கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! "நானும் அப்படித்தான் மேடம் நினைச்சேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சென்ட்ரல் போகும் வண்டியில் சீசன் டிக்கெட் கூட்டாளிகளிடம், "நம்ம மணி என்.டி." என்று அறிவித்தேன். பெட்டியே மரியாதையாகப் பார்த்தது. "ரேர் பிரீடா?" என்றார் ஒருவர். "நம்ம பக்கம் அவ்வளவா கிடைக்காது" என்றேன்.

அடுத்த ஊசிக்குப் போனபோது, பக்கத்தில் ஒருவர் பிடித்திருந்த பசுவின் அட்டையிலும் என்.டி. என்றே இருந்தது. உதவியாளரிடம் மெதுவாக விசாரித்தேன். "நான்-டிஸ்கிரிப்ட் சார். இன்ன ஜாதின்னு சொல்ல முடியாத எல்லாத்துக்கும் அதான் போடுறது."

ரயில் கூட்டாளிகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. போன வாரம் ஒருவர் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தன் மருமகனுக்கு ஒரு என்.டி. குட்டி வேண்டும், ஜோடியாகக் கிடைத்தாலும் சரி, விலை பற்றிக் கவலையில்லை என்றார். சொல்லிவைத்து மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும் என்றேன்.